துரித உணவால் எடை கூடினால் பொறுப்பு யாருக்கு, சாப்பிடுபவருக்கா விற்பவருக்கா?

பெரும்பங்கு சாப்பிடுபவருக்குத்தான். யாரும் வாயைத் திறந்து ஊட்டுவதில்லை. ஆனால் "மனக்கட்டுப்பாடு இருந்தால் போதும்" என்பது பாதி உண்மை.

2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்துச் சோதித்தார்கள். இரண்டு வாரம் அதிகமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் ஏறக்குறைய சமம். அப்படியும் பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது! வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

ஆக, தட்டு முன்னால் வந்த பிறகு கட்டுப்பாட்டை நம்புவது வீண். முடிவை அதற்கு முன்பே எடுக்க வேண்டும். கடும் பசியோடு ஆர்டர் செய்யாதீர்கள். காம்போ வேண்டாம், தேவையானதைத் தனியாக வாங்குங்கள். முக்கியமாகப் பானம்: 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோலாவுக்குப் பதில் தண்ணீர் என்று மாற்றினாலே பெரிய வித்தியாசம்.

விற்பவர் கலோரி அளவை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். அது தெரியாமல் தேர்வு எப்படி? அப்புறம், இந்தப் பொறுப்புப் பேச்சு பெரியவர்களுக்கு மட்டும்தான். பொம்மையைக் காட்டி இழுக்கப்படும் ஐந்து வயதுக் குழந்தையிடம் போய் இதைச் சொல்ல முடியாது.