மகள் உளவியல் படிக்கட்டுமா? ஹட்டனிலிருந்து கேட்ட தாய்க்கு

அன்புள்ள அம்மா,

"கண்ணு எப்படிப் பார்க்குதுன்னு படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். மகளைத் தடுக்காதீர்கள் என்பதே என் பதில்.

பார்க்கும் பொருளில் கொஞ்சம் தெரியும், கொஞ்சம் தெரியாது என்று அவள் சொல்லும் 'அரைகுறையாகத் தெரிவது' வெறும் பேச்சல்ல. 1960இல் ஜோர்ஜ் ஸ்பெர்லிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் 12 எழுத்துகளை மூன்று வரிசைகளில், கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் காட்டினார். எல்லாமே தெரிந்தது என்றவர்களால் நாலைந்தைத்தான் சொல்ல முடிந்தது. ஆனால் எழுத்துகள் மறைந்த கையோடு ஓர் ஒலியால் ஒரு வரிசையைக் குறித்துக் கேட்டால், எந்த வரிசையானாலும் அதில் பெரும்பகுதியைச் சொன்னார்கள். அப்படியானால் 12உம் தெளிவாகத் தெரிந்தனவா? இல்லை என்று 2010இல் பாரிஸில் சிட் குய்தெரும் சக ஆய்வாளர்களும் வாதிட்டார்கள். நிறம் தெரிந்திருக்கும், வடிவம் தெரியாது. கோடுகள் தெரிந்திருக்கும், எழுத்து தெரியாது. மிச்சத்தை மனமே எதிர்பார்ப்பால் நிரப்பிக்கொள்ளும். கேட்கப்படாத வரிசைகளில் திருப்பிப்போட்ட போலி எழுத்துகளை வைத்தபோதும், பார்த்தவர்கள் நிஜ எழுத்துகளையே கண்டதாக நம்பினார்கள்.

இது நம் மலை வீதியிலும் நடக்கிறது: ரதல்ல இறக்கத்தில் மூடுபனிக்குள் ஏதோ அசைந்ததும் சாரதியின் கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. அது லொறியா மாடா என்பது பிறகுதான் தெரிகிறது. வீதிப் பாதுகாப்பு, மூளைக் காயத்துக்குப் பிந்திய பார்வைக் குறைபாடு, கணினித் திரை வடிவமைப்பு என்று இந்த அறிவுக்கு நிறைய இடங்களில் தேவை இருக்கிறது. ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது: ஆராய்ச்சி வேலை நுவரெலியா மாவட்டத்தில் காத்திருக்காது. பேராதனைக்கோ கொழும்புக்கோ, சிலவேளை வெளிநாட்டுக்கோ போகவேண்டி வரும். நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால் முதல் பட்டம் போதாது, மேற்படிப்பும் வேண்டும்.

உயர்தரத்தில் உளவியல் தனிப்பாடமாக இல்லை. கலைப்பிரிவு என்றால் தர்க்கமும் விஞ்ஞான முறையும் எடுக்கச் சொல்லுங்கள். பேராதனைக் கலைப்பீடத்தில் உளவியல் துறை உண்டு. உள்ளே போனாலும், உளவியலையே முதன்மையாகப் படிக்கும் சிறப்புப் பட்டத்துக்குப் போட்டி இருக்கும். திறந்த பல்கலைக்கழகத்திலும் உளவியல் பட்டம் இருக்கிறது. உயிரியலில் அவள் நல்ல கெட்டிக்காரி என்றால் அந்தப் பிரிவை விடவேண்டாம், கண் சார்ந்த மருத்துவப் படிப்புகளுக்கு அதுவே வழி.

செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் மகாபொல புலமைப்பரிசிலுக்கோ பர்சரி உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கலாம். ஆறு மாத டிப்ளோமாவில் உளவியலாளர் ஆகலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் காசு கட்டாதீர்கள்.

இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, முடிவுகளோ புள்ளிவிபரத்தில். இரண்டையும் இந்த விடுமுறையிலேயே தொடங்கட்டும். சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளோடு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பாடத் தெரிவை அவளிடமே பேசி முடிப்போம்.