காலி நிலத்துக்குக் கடன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வங்கியில் நிலக் கடன் கோப்புகளைப் பரிசீலிக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர் இந்தப் பகுதியில் பதில் எழுதுகிறார். இம்முறை தேர்ந்தெடுத்த கடிதங்கள் எல்லாம் கிராமப்புறக் காலி நிலம் பற்றியவை.

கேள்வி: என் அண்ணன் வீடு வாங்கக் கேட்டபோது வங்கி தயங்காமல் கடன் கொடுத்தது. அதைவிடக் குறைந்த விலையில் காலி நிலம் வாங்க நான் கேட்டால் முகம் கொடுத்துப் பேசவில்லை. சம்பளம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இது என்ன நியாயம், ஐயா? (ஒரு பள்ளி ஆசிரியை)

பதில்: வங்கியின் தயக்கம் நிலத்தின் மேல்தான், அம்மா. உங்களைப் பற்றி அவர்களுக்குக் குறை எதுவும் இருக்காது. கடன் கொடுப்பவர் ஒரு கேள்வியோடுதான் கோப்பைத் திறப்பார்: தவணை நின்றுபோனால் இதை யாரிடம், எவ்வளவு நாளில் விற்க முடியும்? வீட்டில் குடியிருப்பவர் எப்பாடுபட்டாவது தவணையைக் கட்டிவிடுவார். காலி நிலத்தில் யாரும் வசிப்பதில்லை, வாடகையும் கிடையாது. கையில் பணம் சுருங்கும் மாதத்தில் முதலில் நிற்பது அந்தத் தவணைதான். ஏலத்துக்குக் கொண்டுபோனாலும் வாங்க வருபவர்கள் சிலரே. அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய நிலங்களும் குறைவு என்பதால், சரியான விலை எது என்பதில் மதிப்பீட்டாளருக்கே உறுதி இருக்காது.

இந்த அச்சம் விதிகளிலேயே ஏறியிருக்கிறது. அமெரிக்காவின் வங்கிக் கண்காணிப்பு அமைப்புகள் 1993 முதல் நடைமுறைப்படுத்திய வழிகாட்டு வரம்புகளில், வெறும் நிலத்துக்கு அதன் மதிப்பில் 65 விழுக்காடு, மேம்பாட்டுப் பணி நடக்கும் நிலத்துக்கு 75, கட்டடம் எழுந்துவிட்ட சொத்துக்கு 85 என்று படிப்படியாக ஏறுகிறது. மற்ற இடங்களில் எண் வேறாக இருக்கலாம். ஆனால் வெறும் நிலம் கடைசிப் படியில் நிற்பதைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள். வட்டி கூடுதலாகவும் தவணைக் காலம் குறுகியதாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம்.

இதில் பலரும் தவறவிடும் ஒரு கணக்கு உண்டு. விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி 65 விழுக்காடு தரும், நாம் 35 சேர்த்தால் போதும் என்று நினைப்போம். ஆனால் விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் வங்கி கணக்குப் போடும். மதிப்பீட்டாளர் 80 என்று எழுதிவிட்டால் கடன் 52தான். உங்கள் கையிலிருந்து 48 வேண்டும். இடையில் விழும் அந்த 13 எங்கிருந்து வரும் என்று தெரியாமல், கொடுத்த முன்பணத்தையும் இழந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, இவ்வளவு கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓரிரு ஆண்டுகளில் வீடு கட்டும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், வரைபடத்தோடும் செலவு மதிப்பீட்டோடும் போய், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே கடனாகக் கேளுங்கள். வங்கியின் பார்வை மாறும்.

கேள்வி: எனக்குப் பிடித்த நிலத்துக்குப் பக்கத்து நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்த நிலத்துக்காரர் நல்ல மனிதர். "தாராளமாகப் போய் வாருங்கள்" என்கிறார். விற்பவரும் காலம் காலமாக இப்படித்தான் போய் வருகிறோம் என்கிறார். வங்கி வழக்கறிஞர் மட்டும் "பாதை இல்லை" என்று எழுதிக் கோப்பைத் திருப்பிவிட்டார். இவ்வளவு கெடுபிடி தேவையா? (ஒரு மின்பணியாளர்)

பதில்: தேவை. அந்த வழக்கறிஞர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். நிலக் கடன் கோப்புகள் திரும்பி வரும் காரணங்களில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

பக்கத்து நிலத்துக்காரர் தருவது அனுமதி. அதை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அவர் மறைந்தால் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. நிலத்தை விற்றுவிட்டால் வாங்கியவரையும் கட்டுப்படுத்தாது. என் மேசைக்கு வந்த ஒரு கோப்பில் அப்படித்தான் நடந்திருந்தது. பெரியவர் இருந்தவரை யாரும் தடுக்கவில்லை. அவருக்குப் பின் நிலம் கைமாறியது, புதியவர் வேலி போட்டார். உள்ளே இருந்த நிலத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தவர், தன் நிலத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார். வழியே இல்லாத நிலத்துக்கு அவசியத்தின் அடிப்படையில் பாதை கேட்கும் உரிமையைப் பல நாட்டுச் சட்டங்கள் தருகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த உரிமை நீதிமன்றத்தின் வழியாகத்தான் கைக்கு வரும். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் தவணை நிற்காது.

உங்களுக்கு வேண்டியது பாதை உரிமை. அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும், இரண்டு நிலங்களின் அடையாளமும் அதில் வர வேண்டும். எவ்வளவு அகலம், எங்கிருந்து எதுவரை என்பதை அளவையர் வரைந்த படம் இணைப்பாக இருக்க வேண்டும். நடந்து போகவா, வாகனம் போகவா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். நீங்கள் மின்பணியாளர், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: ஆள் போகும் உரிமை வேறு, மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் கொண்டுபோகும் உரிமை வேறு. செங்கல் ஏற்றிய லாரி திரும்ப இடமில்லாத பாதை, வீடு கட்ட நினைப்பவருக்குப் பாதையே ஆகாது. வாரிசுகளையும் பின்னால் வாங்குபவர்களையும் இது கட்டுப்படுத்தும் என்ற வாசகத்தை விட்டுவிடாதீர்கள். பக்கத்து நிலம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தால், அங்கே கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். இல்லையென்றால் அந்த நிலம் ஏலம் போகும் நாளில் உங்கள் பாதையும் போகக்கூடும்.

இதையெல்லாம் முடித்துத் தர வேண்டியவர் விற்பவர். அதுவும் கிரயத்துக்கு முன்பே. "முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் விலகிவிடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் நல்லவர் என்கிறீர்களே, அவர் நல்லவராக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

கேள்வி: கடன் விண்ணப்பத்துக்கு முன் எதற்கெல்லாம் செலவு செய்யலாம்? எதற்குச் செய்யக் கூடாது? (ஒரு வாசகர்)

பதில்: நில அளவைக்கும் பத்திரங்களைப் பார்க்கும் வழக்கறிஞருக்கும் செய்யுங்கள். எல்லைக்கல் இருக்கும் இடமும் பத்திரத்தில் உள்ள அளவும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் எந்த மதிப்பீடும் நிற்காது. பதிவாகிவிட்டாலே உரிமை உறுதி என்று எண்ண வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858இல் தொடங்கிய டாரன்ஸ் முறையைப் பின்பற்றும் நாடுகளில் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்கு ஆதாரம், அதற்கு அரசு பொறுப்பேற்கிறது. இந்தியா போன்ற நாடுகளில் பத்திரப் பதிவு என்பது ஒரு கைமாற்றம் நடந்ததற்கான பதிவு மட்டுமே. அங்கே தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போய், வில்லங்கம் பார்த்தே தீர வேண்டும்.

வீடு கட்டப்போகிறீர்கள் என்றால் நிலத்தடி நீரையும், கழிவுநீர்த் தொட்டிக்கு மண் நீரை உறிஞ்சுமா என்பதையும் சோதியுங்கள். வேலி, கிணறு, மண் நிரப்புதல் எதுவும் இப்போது வேண்டாம். நிலம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

கேள்வி: வங்கி வேண்டாம், நானே தவணையில் தருகிறேன் என்கிறார் விற்பவர். முன்பணம் 20 விழுக்காடு. மீதிக்கு 10 விழுக்காடு வட்டி. 20 ஆண்டுக் கணக்கில் சிறிய மாதத் தவணை, 5 ஆண்டு முடிவில் பாக்கியை மொத்தமாகக் கட்ட வேண்டும். பிறகுதான் பத்திரம். ஒப்புக்கொள்ளலாமா? (கடை வைத்திருக்கும் ஒரு வாசகி)

பதில்: இப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள், சகோதரி. முதலில் அந்தச் சிறிய தவணையைப் பாருங்கள். கடன் 100 என்றால் மாதத் தவணை 0.965. ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 58 கட்டியிருப்பீர்கள். அப்போது பாக்கி எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட 90. கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருக்கும். அந்த 90ஐ ஒரே நாளில் புரட்ட நீங்கள் மறுபடியும் வங்கிக்குத்தான் போக வேண்டும். இன்று மறுக்கும் வங்கி அன்று கொடுக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 10 ஆண்டில் முழுவதும் முடியும் தவணை என்றால் மாதம் 1.32 வரும். கனமாகத்தான் இருக்கும். ஆனால் கடன் தீரும்.

அடுத்து, பத்திரம். கடைசித் தவணை வரை நிலம் அவர் பெயரிலேயே இருந்தால், அதற்குள் அவர் அதை அடமானம் வைக்கலாம், அவருடைய கடன்காரர்கள் அதன் மேல் உரிமை கோரலாம், அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் தகராறு செய்யலாம். நீங்கள் இரண்டு தவணை தவறினாலே கட்டியது எல்லாம் போய்விடும் என்ற நிபந்தனையும் இத்தகைய ஒப்பந்தங்களில் இருப்பதுண்டு.

விற்பவர் தவணை தருவதே தவறு என்று நான் சொல்லவில்லை. வங்கி தொடாத நிலத்துக்குச் சில நேரங்களில் அதுதான் வழி. முறையை மாற்றக் கேளுங்கள்: பத்திரத்தை இப்போதே உங்கள் பெயருக்கு எழுதித் தரட்டும், மீதித் தொகைக்கு அதே நிலத்தை அவரிடம் அடமானமாக வைக்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் பணத்துக்கும் பாதுகாப்பு, உங்கள் உரிமைக்கும் பாதுகாப்பு. மறுத்தால், ஒப்பந்தத்தையாவது பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்கும் மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: முன்பணத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாம் என்று நண்பர் சொல்கிறார். (ஒரு இளைஞர்)

பதில்: வேண்டாம், தம்பி. அந்தக் கடன் உங்கள் கடன் வரலாற்றில் தெரியும். அதன் தவணையைக் கழித்துவிட்டுத்தான் நிலத்துக்கு எவ்வளவு தரலாம் என்று வங்கி பார்க்கும். வருமானம் தராத ஒரு சொத்துக்கு இரண்டு தவணை கட்டும் நிலையை நீங்களே உண்டாக்கிக்கொள்ளாதீர்கள். பெற்றோர் உதவினால் நல்லது. அது திருப்பித் தர வேண்டாத பணம் என்று அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள், வங்கி கேட்கும். இல்லையென்றால் சிறிய நிலமாகப் பாருங்கள்.

கேள்வி: பொழுதுபோக்குக்கு அல்ல, பயிர் செய்யவே நிலம் வாங்குகிறேன். எனக்கும் இதே கெடுபிடிதானா? (குத்தகைக்கு உழும் ஒரு விவசாயி)

பதில்: இல்லை. உங்களுக்கு வேறு கதவுகள் உண்டு. நிலத்தை நம்பிக் கடன் கொடுக்க மற்றவர்கள் தயங்கியதால்தான் உழவர்களுக்கான கடன் அமைப்புகளே பிறந்தன. ஜெர்மனியில் ரைஃபைசன் 1864இல் கிராமக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் நில வங்கிகளை உருவாக்கிய சட்டம் 1916இல் வந்தது. இன்று அந்நாட்டு வேளாண் துறையின் ஒரு திட்டத்தில், தொடக்கநிலை விவசாயி 5 விழுக்காடு போட்டால் 45 விழுக்காடு வரை அரசு கடனாகத் தருகிறது, மீதிக்கு வேறு கடன் பெறலாம். இந்தியாவில் பாரத ஸ்டேட் வங்கி, சிறு, குறு விவசாயிகளும் நிலமற்ற உழைப்பாளிகளும் நிலம் வாங்க மதிப்பில் 85 விழுக்காடு வரை தரும் திட்டத்தை வைத்திருக்கிறது. முந்தைய கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாறு வேண்டும்.

குத்தகைக்கு உழுத ஆண்டுகளின் விளைச்சல் கணக்கு, விற்ற ரசீது, குத்தகை ஒப்பந்தம் இவைதான் உங்கள் பலம். ஒன்றுவிடாமல் தேடி எடுங்கள். தவணையை மாதம்தோறும் கேட்காமல், அறுவடையை ஒட்டி ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முறை கட்டும்படி அமைத்துத் தரக் கேளுங்கள்.

விளைநிலத்தை யார் வாங்கலாம் என்பதற்குப் பல இடங்களில் தனிச் சட்டம் இருப்பதையும் மறந்துவிட வேண்டாம். இமாச்சலப் பிரதேசத்தில் விவசாயி அல்லாதவர் வாங்க அரசின் அனுமதி வேண்டும். பிரான்சில் கிராம நிலம் விற்பனைக்கு வந்தால், சாஃபேர் என்ற அமைப்பு முந்திக்கொண்டு வாங்கும் உரிமை பெற்றிருக்கிறது. உங்கள் பகுதியில் விதி என்ன என்பதை நில ஆவண அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தக் கடிதத்தையும் கடன் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.