ஜிக்கு நாமளே ஊத்திக்கலாம், முள்ளு எதை வாங்குறது?

கேள்வி: அண்ணே வணக்கம், நான் திருமங்கலம் பக்கம். யூடியூப்ல அமெரிக்காக்காரங்க பாஸ் மீனுக்கு ஜிக்கு (ஈயத்தலை வச்ச தூண்டில் முள்ளு) ஊத்துறதப் பாத்துட்டு நானும் ஆன்லைன்ல ஒரு அலுமினிய மோல்டு (அச்சு) வாங்கிட்டேன், கால் அவுன்ஸ், 3/8, அரை அவுன்ஸுன்னு மூணு குழி இருக்கு. முள்ளு பாக்கப் போனா ஒரு பாக்கெட்டு படு சீப்பு, இன்னொண்ணு பிராண்டு, ரெண்டுலயும் முள்ளு சைஸு 3/0ன்னுதான் போட்டிருக்கு ஆனா விலை எங்கயோ இருக்கு. சீப்பானது போதுமா, இல்ல டவுன்ல கிடைக்கிற நேர் முள்ளையே சூடு காட்டி வளைச்சுக்கவா? நமக்கு கண்மாய் விராலுக்குத்தான்.

பதில்: தம்பி, அந்த நேர் முள்ளு வளைக்கிற யோசனைய மொதல்ல விட்டுருங்க. முள்ளுங்கறது கார்பன் ஸ்டீல், கம்பெனில சூடாக்கி குளிரவச்சு பதம் ஏத்தித்தான் அந்த விறைப்பு வருது, நீங்க அடுப்புல செவக்க காட்டி வளைச்சீங்கன்னா அந்த பதம் போயிரும், அப்புறம் நல்ல விரால் ஒண்ணு இழுத்தா முள்ளு நிமிந்துரும், இல்ல சூட்டோட தண்ணில முக்கிட்டீங்கன்னா பட்டுனு ஒடையும். சூடு காட்டாம குறடு போட்டு வளைச்சாலும் வளைஞ்ச எடத்துல நம்பிக்கை கிடையாது. ஜிக்கு முள்ளுல நரம்பு கட்டுற கண்ணு கிட்ட கம்பி மடிஞ்சு வரும், அந்த மடிப்பு மேலதான் ஈயத்தலை உக்காரும், அதனாலதான் ஜிக்கு தண்ணிக்குள்ள முள்ளு மேல பாத்தபடி போகுது. அந்த மடிப்பு கம்பெனிலயே போட்டு வரணும்.

இப்ப மோல்டு. நெறைய பேரு முள்ளு வாங்கிட்டு அப்புறம் மோல்டுல வச்சுப் பாத்து முழிக்கிறாங்க. உங்க மோல்டு கம்பெனி எந்த முள்ளு, எந்த மாடல் நம்பருன்னு கவர்லயோ அவங்க சைட்லயோ போட்டிருந்தா அதுதான் உங்க லிஸ்ட்டு, அதத் தாண்டி யோசிக்க வேணாம். ஏன்னா மஸ்டாட் கம்பெனி 3/0வும், கமகாட்சு 3/0வும், ஈகிள் கிளா 3/0வும் ஒரே அளவு கிடையாது, இதுக்குன்னு பொது ஸ்டாண்டர்டு இல்ல. கண்ணு மடியிற கோணமும் 90, 60, 30 டிகிரின்னு வேற வேற வருது. 60 டிகிரி குழில 90 டிகிரி முள்ள வச்சு அமுக்குனா மோல்டு முழுசா மூடாது, இடுக்கு வழியா ஈயம் கசிஞ்சு ஓரமெல்லாம் தகடு தகடா நிக்கும். நம்பர் போடலையா, முள்ள அதோட பள்ளத்துல வச்சு மோல்ட மூடி லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாருங்க, வெளிச்சம் தெரிஞ்சா அந்த முள்ளு வேண்டாம்.

கம்பி கனம் அடுத்தது, இதுலதான் நம்ம ஊருக்குன்னு யோசிக்கணும். அந்த லார்ஜ்மவுத் பாஸ் அமெரிக்க மீனு, நம்ம கண்மாய்ல இல்ல, விராலுக்கு வாய் எலும்பு கெட்டி, பல்லும் உண்டு, பிடிச்ச உடனே அல்லிக்கொடிக்குள்ளயோ ஆகாயத்தாமரைக்கு அடியிலயோ இழுத்துட்டுப் போகும். அதனால 40, 50 பவுண்டு தாங்குற பிரெய்டு (பின்னல் நரம்பு), விறைப்பான ராடு வச்சிருக்கீங்கன்னா கனமான கம்பி முள்ளு வாங்குங்க. ஆனா சாதா நைலான் நரம்பு, வளைஞ்சு குடுக்குற ராடுன்னா அந்த கனமான முள்ளு வாயில ஏறவே ஏறாது, மீனு கடிச்சுட்டு துப்பிட்டுப் போயிரும், நீங்க முள்ளு மொண்ணைன்னு நெனப்பீங்க. அப்படி செட்டுக்கு நடுத்தர கம்பி போதும். ராட சொல்லாம முள்ள மட்டும் கேட்டா கடைக்காரராலயும் சரியா சொல்ல முடியாது. 7 கிராம், 10 கிராம் தலைக்கு (உங்க கால் அவுன்ஸ், 3/8 குழி) 3/0 விராலுக்கு சரி, 14 கிராம்னா (அரை அவுன்ஸ்) 4/0 வரைக்கும் மோல்டு இடம் குடுத்தா போடலாம். ஜிலேபி மீனுக்கும் இதயே போடலாம்னு நெனைக்காதீங்க, அது வாய் சின்னது.

பாசி அதிகமா இருக்கிற கண்மாய்னா 30 டிகிரி பக்கம் சாஞ்ச கண்ணு உள்ள முள்ளு நல்லது, கொடில மாட்டாம நழுவி வரும், அதோட முள்ளு முன்னாடி கொடி மாட்டாம தடுக்குற ஃபைபர் கார்டு வைக்க ஓட்டை உள்ள மோல்டான்னும் பாத்துக்கங்க. முள்ளு கலர பத்தி ரொம்ப அலட்டிக்க வேணாம், கண்மாய் தண்ணிக்கு வெண்கலக் கலரோ கருப்பு நிக்கலோ எதுவும் ஓகே. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் கொடுவாய்க்கு கொண்டு போறதா இருந்தா மட்டும் உப்புத்தண்ணிக்கு டின் பூச்சு முள்ளு கேட்டு வாங்குங்க.

சரி, சீப்பு பாக்கெட்டு. அது எல்லாமே மோசம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கண்ண மூடிட்டு பெரிய பாக்கெட்டு வாங்காதீங்க, சின்ன பாக்கெட்டு ஒண்ணு வாங்கி அதுல ரெண்டு மூணு முள்ள பலி குடுங்க. முனைய கட்டைவிரல் நகத்து மேல லேசா வச்சு இழுங்க, வழுக்குனா மொண்ணை, நகத்துல நின்னா கூரு. அப்புறம் முள்ள வைஸ்ல பிடிச்சு குறட்டால வாயத் தெறக்க இழுங்க, கொஞ்சம் விரிஞ்சு விட்டதும் பழைய எடத்துக்கு வந்தா நல்ல முள்ளு, விரிஞ்சது விரிஞ்சபடியே நின்னா பச்சைக்கம்பி, உடைஞ்சா அதும் ஆகாது (கண்ணாடி போட்டுக்கிட்டு செய்யிங்க). கண்ணோட வாய் முழுசா மூடியிருக்கான்னு பாருங்க, இடைவெளி இருந்தா பிரெய்டு அதுல நழுவி அறுந்துரும். ஒரு ஜிக்குல போற ஈயம் ஏழுல இருந்து பதினாலு கிராம்தான், அதுல மிச்சம் புடிக்க ஒண்ணும் இல்ல, முள்ளுலயும் மிச்சம் புடிச்சா அப்புறம் எதுக்கு உக்காந்து ஊத்துறோம்? பிராண்டுதான்னாலும் கவர்ல எம்ஆர்பி, எத்தன எண்ணம், இறக்குமதி பண்ணவர் பேரு அட்ரஸ், எந்த நாடு எல்லாம் இருக்கணும், சட்டப்படி இருந்தே ஆகணும். ஒண்ணுமே இல்லாத பளபள கவர்ல பெரிய பேரு மட்டும் இருந்தா நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் இந்த ஈயத்த சமையல்கட்டுலயே பழைய குழம்புச் சட்டில உருக்குறாரு, சொன்னா ஈயச்சொம்புல ரசம் வைக்கலையான்னு கேக்குறாரு. சின்ன புள்ளைங்க இருக்கு. - அனுப்பானடி வாசகி

பதில்: தங்கச்சி, உடனே நிறுத்தச் சொல்லுங்க. ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம், அவரு உருக்குறது காரீயம், ரெண்டும் வேற வேற உலோகம். காரீயம் புள்ளைங்க மூளை வளர்ச்சியவே கெடுக்கும், அந்த சட்டி இனிமே எந்தக் காலத்துலயும் அடுப்பங்கரைக்கு வரக்கூடாது. உருக்குறதுன்னா மொட்டமாடியிலயோ வெளியிலயோ, காத்தோட்டமா, தனி அடுப்பு, தனி பாத்திரம், கையுறை, கண்ணாடி, முடிச்சதும் கைய கழுவி அந்த சட்டைய தனியா தொவைக்கணும். ஈயம் 327 டிகிரிலதான் உருகும், அந்த சூட்டுல ஒரு சொட்டு தண்ணி விழுந்தா ஆவியாகி ஈயம் வெடிச்சு மூஞ்சில தெறிக்கும், மோல்டுல ஈரம் இருந்தாலும் இதே கதிதான். பழைய பேட்டரி ஈயம் பக்கமே போக வேணாம்.

கேள்வி: 50 முள்ளுன்னு ஆன்லைன்ல போட்டு வாங்குனேன், 38தான் இருந்துச்சு, பாதிக்கு முனை இல்ல. நோ ரிட்டர்ன்னு விக்கிறவர் சொல்றார். - உசிலம்பட்டி

பதில்: அப்படி சொல்ல முடியாதுங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி பொருள் குறைபாடா இருந்தாலோ விளம்பரத்துல சொன்னபடி இல்லாட்டியோ திருப்பி எடுத்து பணம் குடுக்க மறுக்கக்கூடாது. மொதல்ல அந்த ஆப்போட குறைதீர் அதிகாரிக்கு பில், போட்டோவோட எழுதுங்க, 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். நடக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் நம்பர் வாங்கிக்கங்க. அதுக்கும் அசையலைன்னா மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், விக்கிறவர் டெல்லில இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துல போட சட்டம் இடம் குடுக்குது, 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போட்டுறணும். மிச்ச முள்ளு, கவரு எதையும் தூக்கிப் போட்டுறாதீங்க.