அப்பளம் உடையுது, பழி பேக்கிங் அக்காமார் மேல

கேள்வி: அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியில ஒரு அப்பளக் கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கேன். கேரளாவுக்குப் போற பெட்டியெல்லாம் விரிசல்னு ரிட்டர்ன் வருது. மீட்டிங் போட்டு அஞ்சு தடவை 'ஏன்' கேட்டாச்சு, எப்பவும் கவனக்குறைவுன்னுதான் முடியுது. பேக்கிங்ல ரெண்டு அக்காமாரை வேலைய விட்டு நிறுத்தியாச்சு, அட்டைப்பெட்டியக் கனமா மாத்தியாச்சு. ரிட்டர்ன் குறையல. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அஞ்சு 'ஏன்' கேட்டது சரி, எங்க உக்காந்து கேட்டீங்க? முதலாளி முன்னாடி ஃபேனுக்குக் கீழ கேட்டா யாரு வாயத் திறக்கப்போறா, இருக்கிறதுலயே சம்பளம் கம்மியான ஆள் மேல போய்தான் நிக்கும்.

வர்ற பதிலுக்கே திரும்பத் திரும்ப 'ஏன்' கேட்டு அடிக்காரணத்தப் புடிக்குற அந்தப் பழக்கம் டொயோட்டா கார் கம்பெனியில வளந்தது. அங்க உற்பத்தி முறைய உருவாக்குன தாய்ச்சி ஓனோ சொல்லுற உதாரணம் ஒண்ணு உண்டு, மெஷின் நின்னுபோச்சு, ஏன்னா ஓவர்லோடுல ஃபியூஸ் போச்சு, ஓவர்லோடு ஏன்னா பேரிங்குக்கு ஆயில் பத்தல, ஆயில் பத்தலன்னா பம்ப் ஒழுங்கா இழுக்கல, அது ஏன்னா ஷாஃப்ட் தேஞ்சுபோச்சு, ஷாஃப்ட் தேஞ்சது வடிகட்டி இல்லாம இரும்புத்தூள் உள்ள போனதால. இதுல எங்கயாவது ஆபரேட்டர் பேரு வருதா? ஃபியூஸ மட்டும் மாத்திருந்தா மறுபடி போயிருக்கும். நீங்க அக்காமாரை நிறுத்துனதும் ஃபியூஸ் மாத்துனதுதான். கவனக்குறைவுன்னு வந்தா அதுக்கும் ஒரு ஏன் கேளுங்க, சாயங்காலம் லாரி நிக்குதுன்னு விரட்டுனீங்களா, வெளிச்சம் பத்தலையா, துண்டுக் கணக்குல கூலியா?

காரணங்களக் கிளை கிளையா எழுதுற மீன் முள் படமெல்லாம் போட்டு சுவத்துல ஒட்டுறது அப்புறம் இருக்கட்டும். முதல்ல உடையாத பெட்டியப் பாருங்க. அதே கை, அதே பெட்டி, அம்பாசமுத்திரம் கடைக்குப் போறது முழுசா இருந்து, கேரளாவுக்கு ஆரியங்காவு மலைப்பாதையில போறது மட்டும் உடைஞ்சா சந்தேகம் ஏத்துற முறை மேல. ரெண்டு பக்கமும் உடையுது, ஆனா சில தேதிச் சரக்கு மட்டும்தான்னா காயப்போடுற இடத்துக்குப் போங்க. ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய்க் காத்து அடிக்கும்போது அப்பளம் சீக்கிரமே காஞ்சிரும், வழக்கமான நேரத்துக்கே எடுத்தா ஓரம் மொறுமொறுன்னு ஆகி சுருண்டுக்கும், அத நூறு நூறா அடுக்கிக் கட்டுனா விரிசல் விடாம என்ன செய்யும்? ஈரமாவே எடுத்தா பூஞ்சணம் புடிக்கும், அதனால பயந்துக்கிட்டுக் கூடுதலா காய விடுறதும் உண்டு. எடை போட்டா தெரிஞ்சிரும், ஒரே தட்ட காயப்போடுறதுக்கு முன்னாடியும் எடுத்த பொறவும் தராசுல வைங்க, ஒவ்வொரு பெட்டியிலயும் காஞ்ச தேதி, எடுத்த நேரம், பேக்கிங் மேசை நம்பர் ஸ்கெட்ச் பேனாவுல எழுதிப் போடுங்க, ரிட்டர்ன் வந்ததும் பிரிச்சுப் பாருங்க. எந்தத் தேதின்னு பெட்டியே சொல்லிரும்.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன், ஒரே வாரத்துல காயுற நேரம், பெட்டி, லாரி எல்லாத்தையும் மாத்திராதீக. ரிட்டர்ன் குறைஞ்சாலும் எதனால குறைஞ்சுதுன்னு தெரியாது. ஒண்ண மாத்துங்க, குறைஞ்சா ஒரு சின்ன லோடுக்கு மட்டும் பழையபடி செஞ்சு பாருங்க, திரும்ப உடைஞ்சாத்தான் அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியும்.

முதலாளிகிட்டப் போகும்போது அந்த எடை நோட்டையும் ரிட்டர்ன் பெட்டி அட்டையையும் கையோட கொண்டு போங்க, காரணம் காயப்போடுறதுல இருக்குன்னு தெரிஞ்சா நிறுத்துன ரெண்டு அக்காமாரையும் திரும்பக் கூப்பிடச் சொல்லி அங்கனயே கேட்டுருங்க.