மலையில் ஜென்கின்ஸ்: நிறுவலும் பராமரிப்பும், கேள்வி பதில்

ஜென்கின்ஸ் என்பது கோடு மாறும்போது அதைத் தானாகக் கட்டி (பில்ட்), சோதிக்கும் சர்வர் மென்பொருள். ஊர்ப் பெயரோடு வருவது வாசகர் பேச்சு, பெயரில்லாமல் வருவது என் பதில். உபுண்டு, டெபியன் பற்றி மட்டும் கேளுங்கள். பதில்கள் இரண்டுக்கும் பொருந்தும்.

குன்னூர்: அக்கா, 4 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப், உபுண்டு 24.04. ஜென்கின்ஸ் தாங்குமா? எங்கிருந்து ஆரம்பிக்க?

தாங்கும். முதலில் ஜாவா, பிறகுதான் ஜென்கின்ஸ். பேக்கேஜ் இறங்கிய கையோடு சர்வீஸைக் கிளப்பிப் பார்க்கும். ஜாவா இல்லையென்றால் விழுந்துவிடும். ஓபன்ஜேடிகே 21 போடுங்கள். 2024 அக்டோபரில் வந்த ஜென்கின்ஸ் 2.479.1 முதல் ஜாவா 11-ல் எழாது. கூடவே ஃபான்ட்கான்ஃபிக் பேக்கேஜும் வேண்டும்.

ஜென்கின்ஸை அவர்களுடைய டெபியன்-ஸ்டேபிள் களஞ்சியத்திலிருந்து எடுங்கள். சாவிக் கோப்புக்கான கட்டளையை அதிகாரப்பூர்வ நிறுவல் பக்கத்தில் இருந்தே நகலெடுங்கள். கையெழுத்துச் சாவி அவ்வப்போது மாறும். பழைய வலைப்பதிவில் உள்ளதைப் போட்டால் ஆப்ட் அப்டேட் சாவி இல்லை என்று நிற்கும்.

ஜாவா ஹீப்பை (ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகம்) 1 ஜிபி என்று நீங்களே எழுதி வையுங்கள். ப்ளகின்களில் கேட்பதையெல்லாம் போடாமல் கிட், பைப்லைன் (பில்டின் படிகளைக் கோடாக எழுதும் முறை), கிரெடென்ஷியல்ஸ், எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் (ஏஜென்ட் என்றால் சர்வருக்காக பில்டை ஓட்டுவது) என்று தொடங்குங்கள்.

அடுத்தது முக்கியம்: பில்ட்-இன் நோடின் (அதாவது ஜென்கின்ஸ் சர்வரின்) எக்ஸிக்யூட்டர் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பில்ட்) எண்ணிக்கையை 0 ஆக்குங்கள். அங்கே ஓடும் பில்டுக்கு ஜென்கின்ஸின் சொந்தக் கோப்புகள், ரகசியங்கள் எல்லாம் கைக்கெட்டும். ஒரே கணினிதான் இருக்கிறது என்றாலும் அதிலேயே வேறொரு யூசர் உருவாக்கி, எஸ்எஸ்ஹெச் வழியே ஏஜென்டாகச் சேர்க்கலாம்.

கோத்தகிரி: முதல் அட்மின் பாஸ்வேர்ட் எங்கே?

/வார்/லிப்/ஜென்கின்ஸ்/சீக்ரெட்ஸ் அடைவில், இனிஷியல்அட்மின்பாஸ்வேர்ட் என்ற கோப்பு. சுடோ போட்டுத் திறக்கவும்.

ஊட்டி: /எட்சி/டீஃபால்ட்/ஜென்கின்ஸ் கோப்பில் போர்ட்டை 8081 ஆக்கினேன். இன்னும் 8080-லேயே வருகிறது.

2022-ல் வந்த 2.332.1 முதல் போர்ட், ஜாவா அமைப்புகள் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நடத்துவது) யூனிட்டுக்குப் போய்விட்டன. சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் ஜென்கின்ஸ் என்று திறந்து, சர்வீஸ் பகுதியின் கீழ் என்விரான்மென்ட் வரியில் ஜென்கின்ஸ்_போர்ட் மதிப்பைக் கொடுங்கள். ஹீப் அளவும் அங்கேதான், ஜாவா_ஆப்ட்ஸ் என்ற பெயரில்.

கூடலூர்: ஆடி மழையில் மரம் விழுந்து கரண்ட் போகுது. பில்ட் பாதியில் நிற்குது. சில நேரம் கரண்ட் வந்த பிறகு ஜென்கின்ஸே எழுவதில்லை. என்ன செய்வது அக்கா?

இது மூன்று தனித்தனிச் சிக்கல்.

முதலாவது, மின்சாரம். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். மற்ற மோடில் மாறுகிற இடைவெளியிலேயே கணினி ரீபூட் ஆகலாம். அப்போதும் பேட்டரி இறங்குவது கணினிக்குத் தெரியாது. யுஎஸ்பி வயர் உள்ள சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கி நட் (யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் மென்பொருள்) பேக்கேஜைப் போட்டால், பேட்டரி குறையும்போது கணினி தானாக முறையாக அணையும். பயாஸில் மின்சாரம் திரும்பினால் தானாக எழும் வசதியும் உண்டு. ஆனால் விட்டுவிட்டு வரும் கரண்டில் அது கணினியைத் திரும்பத் திரும்பக் கிளப்பி அணைக்கும். மழை மாதங்களில் அதை நிறுத்தி வைத்துக் கையால் போடுவதே நல்லது.

இரண்டாவது, எழாமல் போவது. ஹார்ட் டிஸ்க்கில் ப்ளகின் அதிகமாக இருந்தால் தொடங்குவதற்கு 90 விநாடிக்கு மேல் ஆகலாம். சிஸ்டம்டி அதற்குள் பொறுமையிழந்து கொன்றுவிடும். ஜர்னல்சிடிஎல் பதிவில் டைம்அவுட் என்று இருந்தால் இதுதான். மேலே சொன்ன எடிட் கோப்பிலேயே டைம்அவுட்ஸ்டார்ட்செக் மதிப்பை 300 ஆக்குங்கள்.

மூன்றாவது, பாதியில் நின்ற பில்ட். ஃப்ரீஸ்டைல் வேலை (பைப்லைன் இல்லாத பழைய வகை) என்றால் போனது போனதுதான். பைப்லைன் என்றால் டியூரபிலிட்டி (நிலையை எவ்வளவு அடிக்கடி டிஸ்க்கில் எழுதுவது) அமைப்பைப் பாருங்கள். வேகத்துக்காக யாரோ பெர்ஃபார்மன்ஸ் ஆப்டிமைஸ்ட் என்று மாற்றியிருந்தால், திடீரென அணையும்போது நிலை பதிவாகாது. மேக்ஸிமம் சர்வைவபிலிட்டியில் விடுங்கள். டிஸ்க்கில் எழுதுவது கூடும், இங்கே அதுதான் வேண்டும். ஏஜென்ட் வேறு கணினியில், யுபிஎஸ்ஸோடு இருந்தால் சர்வர் விழுந்தாலும் ஷெல் கட்டளை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். சர்வர் திரும்பியதும் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே கணினியில் வைத்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. எக்ஸிக்யூட்டர் 0 என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

குன்னூர் (வேறொருவர்): அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது, எங்கே?

கோத்தகிரிக்குச் சொன்னதே.

கோத்தகிரி: கிட்ஹப் வெப்ஹூக் (கோடு மாறியதைச் சொல்லும் அழைப்பு) வந்து சேரவே மாட்டேங்குது.

ரவுட்டரின் வான் (வெளிப்பக்க நெட்வொர்க்) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் சிஜிநாட்டுக்கு (ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. போல் எஸ்சிஎம் அமைப்பில் எச்/5 * * * * என்று போட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜென்கின்ஸே போய்ப் பார்க்கும். சின்னக் குழுவுக்கு அது போதும்.

கொடைக்கானல்: எதுக்கு இந்தப் பாடு? சென்னையில் ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து ஜென்கின்ஸை அங்கே வைங்க. மலையில் ஏஜென்ட் மட்டும். வெப்சாக்கெட்டில் அது 443 வழியா வெளியே போய் இணையும், சிஜிநாட் தொல்லையே இல்லை.

வேலை செய்யும் முறைதான். ஆனால் ஃபைபர் அறுந்த அன்று ஒரு பில்டும் ஓடாது, கோட் பக்கத்து அறையில் இருந்தாலும்.

குன்னூர்: எங்க கிட் ஆபீஸ் லேனிலேயே (உள் நெட்வொர்க்) இருக்கு. கொடைக்கானல் சொல்றது எங்களுக்கு ஒத்துவராது.

கொடைக்கானல்: ஃபைபர் அறுந்தா கிட்ஹப்பும் இல்லையே! அப்போ சர்வர் வீட்டில் இருந்து என்ன பயன்?

இருவரும் சொல்வது சரி, உங்கள் கிட் இருக்கும் இடம் வேறு வேறு. கிட் எங்கேயோ ஜென்கின்ஸ் அங்கே. கிட்ஹப் என்றால் விபிஎஸ். லேன் என்றால் ஆபீஸ். ஆனால் வெளியே வைப்பவர் 8080-ஐ இணையத்துக்குத் திறக்கவே கூடாது. முன்னால் என்ஜின்எக்ஸ் (இடையில் நிற்கும் வெப் சர்வர்), டிஎல்எஸ் (மறையாக்கம்), முடிந்தால் விபிஎன். 2024 ஜனவரியில் வெளியான சிவிஇ-2024-23897 ஓட்டையில், கமாண்ட் லைன் வசதி வழியே சர்வரின் கோப்புகளை வெளியாள் படிக்க முடிந்தது, 2.442, எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) 2.426.3-ல் அடைத்தார்கள். வாராவாரம் அப்டேட் பார்க்க ஆள் இல்லையென்றால் விபிஎஸ் யோசனையை விடுங்கள்.

கொடைக்கானல்: விபிஎன்னுக்குள்தான் வெச்சிருக்கேன். அப்டேட் விஷயம் ஒத்துக்கிறேன்.

ஊட்டி: ஜென்கின்ஸ் யூசரை டாக்கர் (கன்டெய்னர் ஓட்டும் மென்பொருள்) குரூப்பில் சேர்க்கலாமா?

அது ரூட் அதிகாரம் கொடுப்பதற்குச் சமம். ஏஜென்ட் கணினியில் மட்டும், அதுவும் உங்கள் குழுவின் கோடு மட்டும் ஓடினால் செய்யுங்கள். சர்வரில் வேண்டாம். எக்ஸிக்யூட்டர் 0.

பந்தலூர்: முதல் பாஸ்வேர்ட்...

கோத்தகிரியின் முதல் கேள்வி. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

கூடலூர்: பேக்கப் எதை எடுக்கணும்?

/வார்/லிப்/ஜென்கின்ஸ் முழுவதும்; வொர்க்ஸ்பேஸ், கேஷஸ் அடைவுகளை விட்டுவிடலாம். சீக்ரெட்ஸ் அடைவிலுள்ள மாஸ்டர்.கீ கோப்பை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல் வேறிடத்தில் வையுங்கள். அது இல்லாவிட்டால் சேமித்த பாஸ்வேர்ட் எதையும் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே பென்டிரைவில் இருந்தால் எடுத்தவர் எல்லாவற்றையும் பிரித்துவிடுவார். எடுத்ததை வேறொரு கணினியில் விரித்து ஜென்கின்ஸ் எழுகிறதா என்று பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது அந்தக் கணினியின் நெட் வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் அதுவும் அட்டவணைப்படி வேலைகளைத் தொடங்கி, நிஜ சர்வரில் டிப்ளாய் செய்துவிடும்.