படிக்கட்டில் ஒரு மைலோ டின்

கேள்வி: குழந்தைக்கு நான்கு மாதம். வீட்டுக்குள் சிகரெட் வேண்டாம் என்றதால், என் மாமனார் மாடிப்படியில் சாம்பல் தட்ட ஒரு காலி மைலோ டின்னை வைத்துக்கொண்டு பிடிக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா புகார் கொடுப்பேன் என்கிறார். மாமாவோ, "என் வீட்டுக்குள் பிடித்தால் யார் கேட்பது?" என்று சமையலறை ஜன்னலுக்கே திரும்பிவிடப் பார்க்கிறார். நான் என்ன செய்ய?
- ஒரு மருமகள், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மாமா சொல்வது பாதி சரி, அதுதான் சங்கடம். சொந்த வீட்டுக்குள் புகைக்கச் சட்டத்தில் தடையில்லை. ஜன்னலோரம் பிடிப்பதைத் தடுக்கலாமா என்று 2020இல் நாடாளுமன்றத்திலேயே பேசினார்கள். வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பதாகிவிடும் என்று அரசாங்கம் ஏற்கவில்லை. ஆனால் மாடிப்படி, தாழ்வாரம், புளோக்கின் கீழ்த்தளம் எல்லாம் 2013 ஜனவரியிலிருந்தே தடைசெய்யப்பட்ட இடங்கள். பிடிபட்டால் 200 வெள்ளி அபராதம், நீதிமன்றம் போனால் 1,000 வெள்ளி வரை.

அதற்காக அவரை உள்ளே கூப்பிட்டுவிடாதீர்கள். ஜன்னலோரம் நின்று ஊதினாலும் காற்று திரும்பினால் புகை தொட்டிலுக்குத்தான் வரும், இல்லையென்றால் மேல்மாடி வீட்டுக்குப் போகும். மின்விசிறி அதை விரட்டாது, பரப்பத்தான் செய்யும். கைக்குழந்தைக்கு நெஞ்சுச்சளி, காதுத்தொற்று மட்டுமல்ல, தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும் ஆபத்தும் இந்தப் புகையால் கூடுகிறது.

அப்புறம் எங்கேதான் போவார்? கீழேதான். மின்தூக்கியில் இறங்கி, கூரையில்லாத திறந்தவெளியாகப் பார்க்க வேண்டும். விளையாட்டுத் திடல், உடற்பயிற்சி மூலை, பூங்கா, கூரைபோட்ட நடைபாதை எதுவும் ஆகாது. பேருந்து நிறுத்தத்திலிருந்தும் 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மழை பெய்தால் குடைதான், பாவம். இதை நீங்கள் சொல்லாதீர்கள், உங்கள் கணவர் ஒருநாள் கூடவே இறங்கிப்போய் இடத்தைக் காட்டட்டும். மருமகள் சொன்னால் விரட்டுவதுபோல் இருக்கும், மகன் சொன்னால் சாதாரணப் பேச்சு.

வாசல் பக்கம் ஒரு சட்டையை மாட்டி வையுங்கள். மேலே வந்ததும் சட்டை மாற்றி, கை கழுவிவிட்டுப் பேரனைத் தூக்கட்டும்.

ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஏறி இறங்கிச் சலித்தபின் அவரே நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டால், சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 28 நாள் 'ஐ குவிட்' திட்டம் இருக்கிறது. சூயிங்கம்மைக் கண்டாலே முறைக்கும் இந்த ஊரிலும், நிக்கோட்டின் சூயிங்கம் மருந்தகத்தில் கேட்டால் கிடைக்கும்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் இன்றே போய், "இனி இங்கே பிடிக்க மாட்டார்" என்று சொல்லிவிடுங்கள். போகும்போதே அந்த டின்னையும் எடுத்துவிடுங்கள்.