லயத்தில் மனவடு ஆற்றும் குழு: இரண்டாம் வாரம் ஏன் யாரும் வரவில்லை?

கேள்வி: இலங்கையில் பண்டாரவளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 1983 இனக்கலவரத்தில் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) எரிந்ததைப் பார்த்தவர்களும், வடக்கே வன்னிக்குப் போய்ப் போர் முடிந்தபின் திரும்பியவர்களும் இங்கே இருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டி, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னோம். எல்லோரும் அழுதார்கள், ஓர் அக்கா மயங்கி விழுந்தார். அடுத்த வாரம் எவரும் வரவில்லை. மறுபடி எப்படித் தொடங்குவது? பக்கத்துச் சிங்களக் கிராமத்தையும் சேர்க்கலாமா?

பதில்: முதலில் அந்த அக்காவைப் போய்ப் பாருங்கள். கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம். அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் நோக்கத்தில் பிழையில்லை, வரிசைதான் மாறிவிட்டது. உயிர் நடுங்கிய நினைவு மற்ற நினைவுகளைப்போல அடங்கிக் கிடப்பதில்லை. பேச்செடுத்ததும் நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும். உடம்புக்கு அது இப்போதுதான் நடக்கிறது. அங்கிருந்து திரும்பிவரத் தெரியாதவரைப் பேசவைத்தால் புண் கிளறப்படும், ஆறாது. எல்லோரையும் ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்கவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை.

இடத்தை மாற்றுங்கள். ஒரு காம்பராவில் (அறையில்) பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும், அதனால் லயம் சரிவராது. கோயிலுக்கு வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பங்கள் வரத் தயங்கும், தீட்டென்று சிலர் ஒதுங்குவார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போன பிறகு பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தை பராமரிப்பு நிலையம்) காலியாக இருக்கும்; நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தோட்டத் தலைவருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் பெயர்ப்பட்டியல், போட்டோ, ஒலிப்பதிவு எதுவும் வேண்டாம். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோன வீட்டில், யாராவது கொப்பியில் பெயர் எழுதினாலே பயம்தான்.

எட்டிலிருந்து பத்துப் பேர் போதும். வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒன்றேகால் மணித்தியாலம், இருட்டுமுன் முடியுங்கள். சம்பள நாளையும் அட்வான்ஸ் நாளையும் தவிருங்கள், அன்றைக்குத்தான் வீட்டில் குடியும் சண்டையும். நடத்த இருவர் தேவை: ஒருவர் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் தாங்கமுடியாமல் எழுந்து போகிறவருடன் இஸ்தோப்பில் (வெளித் திண்ணையில்) உட்கார.

முதல் நான்கு வாரம் பழைய கதையே எடுக்காதீர்கள். பிளேன்டீ குடித்தபின் இரண்டு பாதமும் தரையில் பதிய உட்காரச் சொல்லுங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடட்டும், பத்துத் தடவை. மூச்சு வெளியே போகும் நேரம் நீளும்போதுதான் படபடப்பு தணியும். தலைசுற்றினால் நிறுத்திவிடலாம். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், மூடினால் சிலருக்கு அந்த இரவே வந்துவிடும். ஆளுக்கொரு இஞ்சித் துண்டு கொடுங்கள். நகத்தால் தோலைக் கீறி மோந்து பார்த்து, கையில் இருப்பது ஈரமா, சொரசொரப்பா, என்ன நிறம் என்று சொல்லட்டும். நினைவு இழுத்துக்கொண்டு போகும்போது இந்த வாசனை ஆளை இங்கே கொண்டுவரும். நல்ல நோக்கத்தில் சாம்பிராணி போட்டுவிடாதீர்கள். லயம் எரிந்ததைப் பார்த்தவருக்குப் புகை வேறு பொருள் தரும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து பேச விரும்புகிறவர் மட்டும் பேசலாம். ‘என்ன நடந்தது’ என்று கேட்காமல், ‘எப்படித் தப்பினீர்கள், யார் கதவைத் திறந்தார்கள்’ என்று கேளுங்கள். காணாமற்போன மகனைப் பற்றிப் பேசும் தாயிடம் ‘வந்துவிடுவான்’ என்றும் ‘போய்விட்டான்’ என்றும் சொல்லாதீர்கள். கருமாதி செய்வதா இல்லையா என்பது அவர் முடிவு. இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்கு, காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெற 2016இலிருந்து சட்டத்தில் இடமுண்டு. இது பலருக்குத் தெரியாது, சொல்லுங்கள்.

சாகவேண்டும் என்று யாராவது பேசினால் அடுத்த வாரம்வரை பார்த்திருக்காதீர்கள். தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள பூச்சிமருந்து, களைநாசினியை அப்புறப்படுத்துங்கள், அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண்ணுக்கும் பேசலாம்.

கிராமத்தைச் சேர்க்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். குழு நாலைந்து மாதம் நிலைத்து நிற்கட்டும். அங்கேயும் 1987–89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளை இழந்த தாய்மார் இருக்கலாம், இராணுவத்துக்கு அனுப்பி இழந்தவர்களும் இருக்கலாம். முதலில் இரு பக்கமும் தனித்தனியே இரண்டு தடவை பேசி, எதைக் கேட்டால் தாங்கமுடியாது என்று அறிந்துகொள்ளுங்கள். ‘சமாதானக் கூட்டம்’ என்று பெயர் வைத்தால் பேச்சாளர்கள் வந்துவிடுவார்கள். தண்ணீர் வரும் பீலியைத் துப்பரவாக்குவதோ, சித்திரைப் புத்தாண்டுக்குச் சேர்ந்து பலகாரம் சுடுவதோ போதும். புத்தாண்டு இருவருக்கும் ஒன்றுதானே. இடம் கோயிலும் வேண்டாம், பன்சலையும் (பௌத்த விகாரையும்) வேண்டாம். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் வரட்டும். மொழிபெயர்க்கப் பெரியவர் ஒருவரை முன்பே பேசி வையுங்கள். இரண்டு பாஷையும் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளையை அந்த வேலைக்கு இழுத்தால், ஒரு தாயின் அழுகையை அது தன் வாயால் சொல்ல வேண்டிவரும்.